எதிர் நாற்காலி

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு மனிதரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை; படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

தம்பானூரில் நான் பரிமாறும் ஹோட்டலுக்கு அவர் தினமும் சாயங்காலம் வருவார். ஆண்களுக்கான உடைகளை வடிவமைப்பவர். வலியசாலையில் தனியாக இருந்தார். மெலிந்த உடம்பு, கசங்காத வெள்ளைச் சட்டை. எதிரே காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்வார்.

"யாரும் வாராங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் வரமாட்டா அண்ணாச்சி. ஒரு சட்டையை வரையறச்சே, அதைப் போட்டுண்டவன் எதிர்ல உக்காந்து சாப்பிடறதா நினைச்சுப்பேன். சட்டைக் கை சாம்பார்ல தோயாம இருந்தா சட்டை சரி." என் நீளக்கைச் சீருடையைப் பார்த்துச் சிரித்தார். "இதைத் தைச்சவன் உம்மை மனுஷனாவே நினைக்கலை, கேட்டோ."

கடைசியாக வந்த அன்று அவர் இட்லியைத் தொடவில்லை.

"நாளைக்கு ஆபரேஷன். முதுகுல நாடா கட்டற பச்சை அங்கி குடுப்பா. அதைப் போட்டுண்டு யாரோட உக்காந்து சாப்பிடறது? பயமா இருக்கு அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம் எதிர்ல உக்காரும்."

வாடிக்கையாளர் மேசையில் நாங்கள் உட்காரக் கூடாது. கல்லாவில் முதலாளி இருந்தார்.

"சட்னி கொண்டாரட்டுமா சார்?" என்றேன்.

அவர் என் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டார். "இப்போ உக்காரலாம்" என்றார். நான் உட்காரவில்லை.

மறுநாள் ஆபரேஷனில் அவர் இறந்துவிட்டார். அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் வந்து சொன்னார். அப்போது அந்த மேசையில் நான்கு பேர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.