பொலித்தீன் கழற்றாத கார்

அந்தப் புதுக் காரைப் பார்த்து நான் பல்லைக் கடிக்கப்போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சுவிஸில் இருக்கும் என் கணவர் காசு அனுப்பி எடுத்த கார். வீட்டில் இப்போது லைசென்ஸ் உள்ளவள் நான் ஒருத்திதான். பிறகென்ன? நல்லூரில் பூசை செய்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்து, நெல்லியடியில் எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமா, என் கணவரின் தகப்பனார், இருக்கைகளின் பொலித்தீன் உறைகளைத் தொடவிடவில்லை. "அவன் வந்து கழட்டட்டும் பிள்ளை," என்றார்.

அன்றைக்கே வீடியோ கோலில் கணவரின் சட்டங்கள் வந்து இறங்கின.

"இஞ்சை பாரும், இதுக்குப் பேர் ரன்னிங் இன். புது எஞ்சின் உள்ளுக்குள்ளை உரஞ்சிப் பழகவேணும். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு அறுபதைத் தாண்டக்கூடாது. நிண்ட இடத்திலை சும்மா ஸ்டார்ட்டிலை விடக்கூடாது. தூரப் பயணம் கூடவே கூடாது."

"அப்ப நான் எப்ப அம்மாவைக் கூட்டிவாறது?"

"ஆயிரம் முடியட்டும், முதல் ஒயில் மாத்தட்டும். பிறகு நீர் விரும்பின இடத்துக்கு ஓடும்."

அம்மா பரந்தனில் தனியாக இருக்கிறார். முழங்கால் வருத்தம், பஸ் படி ஏறமாட்டார். ஒருக்கால் கீரிமலைத் தீர்த்தக்கேணியில் குளிக்கவேண்டும் என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை. வாடகை வானில் கூட்டிவரலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். மகளின் முற்றத்தில் கார் நிற்க, தாய் வாடகை வானில் வந்து இறங்கினால் ஊர் என்ன கதைக்கும் என்று அவரே மறுத்துவிட்டார்.

அதனால் ஓடினேன். பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பினேன். நல்லூருக்குப் போய்த் திரும்பினேன். எந்தத் தெருவும் கடைசியில் கடலில்தான் போய் முடிந்தது. கடலில் முடியாத ஒரே வழி, பரந்தனுக்குப் போகும் ஆனையிறவுத் தெரு, அங்கேதான் எனக்குத் தடை. கீரிமலைக்கே எத்தனையோ தரம் போனேன், அம்மா இல்லாமல்! பக்கத்து இருக்கையில் மாமா வேகமுள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். "பிள்ளை, அறுபத்திரண்டு" என்பார். முதுகில் பொலித்தீன் வியர்வையோடு ஒட்டிக்கொள்ளும். ஞாயிறுதோறும் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று படம் எடுத்து இவருக்கு அனுப்பவேண்டும். எனக்கு விசர்தான் பிடித்தது. ஆனாலும் ஆயிரத்தை முடித்தேன்.

கராஜில் முதல் ஒயிலை எடுத்துவிட்டு, காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன அதே ஒயிலைப் புதிதாக விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா பொனட்டைத் திறந்தார். அளவு பார்க்கும் கம்பியை இழுத்து, ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"ஐயோ பிள்ளை, இது தண்ணியெல்லோ!"

அவருடைய பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. சண்டைக் காலத்தில் பெற்றோல் வர விடாதபோது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும், எஞ்சின் இறுகிப் பிடித்துவிடும். மாமாவின் பழைய காரும் மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அப்படித்தான் நின்றது. மாமியைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். "அவ தப்பீட்டா, எஞ்சின் தப்பேல்லை" என்பார். அன்றிலிருந்து அவருக்கும் மகனுக்கும் தடித்த ஒயில்தான் ஒயில்.

"உந்த ஒயிலோடை காரை வெளியிலை எடுக்காதையும்," என்றார் என் கணவர் அன்றிரவு கோலில். "தையிலை வரேக்கை நல்ல தடிச்சதாக் கொண்டு வாறன்."

அப்போது ஆனி மாதம்.

"புத்தகத்திலை இதைத்தான் போட்டிருக்கு. இந்த எஞ்சினுக்குத் தடிச்சது சரிவராதாம்."

"பேய்க்கதை கதையாதையும். புத்தகம் எழுதினவன் யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவனே?"

"நீங்கள் சொன்ன சொல்லு என்ன மாதிரி? ஒயில் மாத்தினால் போகலாம் எண்டு சொன்னனீங்களெல்லோ?"

"இது மாத்தினதிலை சேர்த்தியில்லை."

காருக்கு உறை போடப்பட்டது. திறப்பு சுவாமி அறை ஆணியில் தொங்கியது. அம்மா கோல் எடுக்கும்போதெல்லாம், "கார் பழகீட்டுதோ பிள்ளை?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். வைத்ததும் அழுகை வரும், அதைவிடக் கோபம் வரும்.

ஒரு சனிக்கிழமை காலை மாமா கோயிலுக்குப் போனதும் திறப்பை எடுத்தேன். கொடிகாமம் தாண்டி, ஆனையிறவும் தாண்டினேன். இரண்டு பக்கமும் நீரேரி, நடுவில் நேரான வெறும் தெரு. வேகமுள் அறுபதில் நின்றது. அமத்தடி என்று எனக்கே சொன்னேன். கால் இறங்கவில்லை. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. எஞ்சின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா படலையடியில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திச் சிரித்தார். குளித்து மாற்ற ஒரு சேலையைக்கூட எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். பொலித்தீன் சரசரத்தது. ஏசியைப் போட்டுவிட்டேன். பிறகுதான் கேட்டார்.

"மருமகனுக்குச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனீ?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"மாமாவுக்கு?"

ஏசிக் காற்றை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். அம்மா கண்ணை மூடிச் சாய்ந்து கொஞ்ச நேரம் அந்தக் குளிரில் இருந்தார். கார் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்டில் நின்றது. பிறகு சேலையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நல்லாக் குளிருது பிள்ளை. எனக்கு இது போதும்."

"என்னம்மா விசர்க்கதை! உங்களுக்காகத்தானே இவ்வளவு நாளும் உருட்டினனான்?"

"தெரியும். நீ அந்த வீட்டிலையெல்லோ இருக்கவேணும். காரைக் கொண்டுபோய் விடு."

கெஞ்சினேன், ஏசினேன். அவர் இறங்கியது இறங்கியதுதான். ஒரு கட்டு முருங்கைக்காயைப் பின் இருக்கையில் வைத்துவிட்டார்.

நான் திரும்பியபோது மாமா கேற்றடியில் நின்றார். சூடாக இருந்த பொனட்டில் கையை வைத்துப் பார்த்தார். "கொம்மா சுகமோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஞாயிறு. படத்தை ஒளிக்காமல் அனுப்பினேன். ஏச்சு வரட்டும், திருப்பிக் கொடுக்கிறேன் என்று எல்லாச் சொல்லையும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். கோல் வந்தது.

"கார் வெளியிலை போயிருக்கு."

"ஓம். அம்மாட்டைப் போனனான்."



"வந்த பிறகு ஒயில் குறைஞ்சிருக்கோ எண்டு பார்த்தனீரோ?" என்று கேட்டார்.