எடைமேடையில் லாரி ஏறியபோது

மின்ரயில் பொன்னேரியைத் தாண்டியதும் முனிரத்தினம் கைப்பேசியில் அழைத்தார். எங்கள் பழைய தொழிற்சாலையின் எடைமேடையில் லாரிகளை எடை போட்டு எழுதுபவர். “விஷயம் தெரியுமா சார்? நம்ம யூசுப் பாய் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலியாம்.” கவரைப்பேட்டையில் இறங்கிப் பொன்னேரிக்குத் திரும்பி, அவர் ஊரான பழவேற்காட்டுக்கு பஸ்ஸைப் பிடித்தேன். ஜனாசா, இறுதி ஊர்வலம், கிளம்புவதற்குள் போய்விட்டேன்.

யூசுப் பாய் அந்தத் தொழிற்சாலையில் கணிப்பொறிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டவர். கூட வேலை பார்த்த யாரும் அவரைச் சாந்தமானவர் என்று சொல்லமாட்டார்கள். நெட் வரவில்லை என்று போனால், “மொதல்ல கேபிள் சொருகுற எடத்துல லைட்டு எரியுதா பாரு, அப்பால பேசு” என்று விரட்டுவார்.

நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். வைரஸ் தொல்லை தாங்காமல், அடம்பிடித்து என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டிருந்தேன். அதில் ஒரு நாளைக்குப் பத்து தடவை நெட்வொர்க் அறுந்தது. கேபிளை மாற்றினேன், லினக்ஸையே இரண்டு முறை மறுபடி போட்டேன். மேலாளர் கெடு வைத்தார்: “சனிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா அத்த அழிச்சிட்டு, நீயும் ஸ்டோருக்குப் போயிடு.”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாய் வந்தார். “இன்னா கோளாறுன்னு தெரியாம எதையும் மாத்தாத நைனா” என்றார். இன்னொரு கணிப்பொறியிடம் ‘இருக்கிறாயா’ என்று விடாமல் கேட்கும் பிங் கட்டளையை என் மடிக்கணினியில் ஓடவிட்டுவிட்டு டீயோடு உட்கார்ந்துவிட்டார். பதில்கள் வரிவரியாக வந்தன, திடீரென்று நின்றன. அவர் திரையைப் பார்க்காமல் ஜன்னல் வழியே பார்த்தார். எடைமேடையில் லாரி. அது போனதும் பதில்கள் மறுபடி வந்தன. “அடுத்தது வரட்டும்” என்றார். லாரி வந்தது; பதில்கள் நின்றன.

முனிரத்தினம், லாரி வந்தால்தான் எடைமேடைக் கணிப்பொறியைப் போடுவார், போனதும் அணைப்பார். “சும்மா இன்னாத்துக்கு ஓடணும்?” என்பது அவர் கட்சி. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனியாக இருக்கவேண்டிய ஐபி எண், அதற்கும் என் மடிக்கணினிக்கும் ஒன்றாக இருந்தது. அது பழைய டாஸ் கணிப்பொறி; எண் மோதுகிறது என்று எச்சரிக்கக்கூடத் தெரியாது. எந்தக் கணிப்பொறிக்கு எந்த எண் கொடுத்தோம் என்று எழுதிவைக்கும் தன் நீள நோட்டைப் பாய் புரட்டினார். இரண்டு இடத்திலும் அந்த எண் அவர் கையெழுத்திலேயே இருந்தது.

“யாருக்கும் தெரிய வேணாம் பாய், மாத்திடலாம்” என்றேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். அவர் எண்ணை மாற்றினார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார். “அவன் மேல தப்பு இல்ல சார். நம்பர் குடுத்தது நானு.” கண்ணாடிக் கதவு வழியே திட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வெளியே வந்தவர் என்னிடம், “டீ ஆறிப்போச்சு” என்றார்.

அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதனால்தானா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்கப் பயந்தேன்.

இப்போது வேறு இடத்தில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. யாராவது நெட் வரவில்லை என்று வந்தால், முதலில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். அடுத்து, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், என் நோட்டைத் திறக்கிறேன்.