நாவமரத்தூடு என்ற பெயர்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வாசலூர்பட்டியில் தூறல், காற்று இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் எழுபது என்கிறார்கள். நான் எண்ணியதில் அறுபத்தொன்பதுதான் வந்தது. பிரேக் தேய்ந்த வாடை அடித்த ஒரு திருப்பத்தில் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

என் மகனின் மகள் நாமக்கல்லில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் மலைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். எங்களுக்கும் பூர்வீகம் இந்த மலைதான். என் ஒன்பதாவது வயதில் அப்பா எங்களைச் சேந்தமங்கலத்துக்கு அழைத்து வந்துவிட்டார். இரு வீட்டாருக்கும் சம்மதம். பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. அப்புறம்தான் பையனின் அப்பா போனில் கேட்டார்: "ஏனுங்க, நீங்க எந்த ஊடுங்க?"

"நாவமரத்தூடு" என்றேன். அவர்களும் நாவமரத்தூடு. மலையில் ஊடு என்றால் வீட்டுப் பெயர், அது ஒன்றானால் பங்காளிகள். பையன் பெண்ணுக்கு அண்ணன் முறை. கல்யாணம் நின்றது.

முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயரும் இனிஷியலும் எழுதியவன் நான். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு பெயர் இப்படிக் காலை வாரும் என்று நினைக்கவில்லை. பேத்தி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் நான் வாடகைக் கார் பிடித்தேன்.

பையனின் அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். "இவ்வளவு தூரம் வந்து என்னங்க ஆவப்போவுது? பேரை மாத்தவா முடியும்?"

"கோயிலைப் பார்க்கணும். அங்கே அடுப்பு எத்தனைன்னு எண்ணணும்."

"வாத்தியாரு மலையேறி வந்தும் கணக்குப் பாடத்த உடமாட்டீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தார். ஆனால் கூடவே வந்தார்.

நோம்பித் திருவிழா நாளில் பங்காளிகள் குலசாமிக்கு முன்னால் ஒரே வரிசையில் பொங்கல் வைப்பார்கள். அந்தக் கல் அடுப்புகள் வருடம் முழுக்க அங்கேயே கிடக்கும். எண்ணினேன், பதினொன்று. மறுபடி எண்ணினேன், அதே பதினொன்று. ஆனால் அப்பா பானை வைத்தது இந்த வரிசையிலேயே இல்லை. எதிரே, பலா மரத்தடியில், தனியாக. எங்களை ஒதுக்கிவைத்தார்கள் என்று அறுபத்தைந்து வருடமாக எனக்கு மனத்தாங்கல். சருகைத் தள்ளினேன். மூன்று கற்கள், பாசி பிடித்துக் கிடந்தன!

"எங்க பானை இங்கேதான் பொங்குச்சுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா? இது மருமக்க அடுப்பாச்சுங்களே! எங்கூட்டுப் பொண்ணக் கட்டி இங்கயே தங்கிட்டவரு வச்ச அடுப்புங்க. பங்காளி ஒருத்தனும் இதுல பானை வெக்க மாட்டான். மொளகு மூட்டை தூக்கப் புளியஞ்சோலைப் பக்கமிருந்து வந்தவருன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு."

பாட்டனார் பிறந்ததே இந்த மலையில்தான், அப்படியானால் மூட்டை தூக்க வந்தவர் அவருடைய அப்பா! வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்ததால் அவர் பிள்ளைகளையும் ஊர் அந்த வீட்டுப் பெயராலேயே அழைத்திருக்கிறது. நாங்கள் பங்காளிகள் அல்ல, மாமன் மச்சான்கள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.

அங்கிருந்தே பேத்திக்குப் போன் போட்டேன். அழுதாள், சிரித்தாள். "அப்போ நம்ம வீட்டுப் பேரு என்ன தாத்தா?"

"தெரியலை கண்ணு. இது இல்லை, அது மட்டும் நிச்சயம்!" எழுபத்து நான்கு வயதில் பெயரைத் தொலைத்துவிட்டு இப்படிக் குதித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூசாரியும் மரத்தடி அடுப்பைப் பார்த்து ஒப்புக்கொண்டார். "ஆனா இத்தன வருசம் நீங்க குடுத்தனுப்புன பங்காளி வரி கோயில் கணக்குல சேராதுங்க. மருமக்க ஊடு கெடா குடுக்கோணும்."

"நல்லாக் கேளுங்க பூசாரி" என்றார் பையனின் அப்பா. "மாமா, இனி உங்களக் கேலி பேச எனக்கு உரிமை இருக்குது. ரெண்டு கொம்பு இருக்கானு எண்ணிப் பாத்து வாங்கியாங்க!"

அடுத்த ஞாயிறே கிடாயோடு ஏறினேன். கிடாய் 13,400, கார் இரண்டு நடை 6,400, பூசாரி தட்டில் 101. மொத்தம் 19,901 ரூபாய்.