ஈரம் துடைக்காத பெட்டி

இன்று காலை முதல் ஒரு தெர்மாகோல் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மூலை உடைந்து, பழுப்பு டேப் ஒட்டிய பெட்டி. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி, போடியில் பஸ் மாறி, மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அது வந்து சேர வேண்டும். அதற்குள் இருப்பது என் சித்தப்பாவின் சிறுநீர். படிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பெட்டி வருகிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்றும் இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சித்தப்பா மலையில் ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். பறித்து வரும் பச்சைக்காயைச் சூடேற்றிய அறையில் உலர்த்துகிற இடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பேர். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி ஈரம்தான். கைநிறையக் காயை அள்ளிக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை கலகலவென்று சத்தம் கொடுத்தால்தான் மூட்டை கட்ட விடுவார். 'ஈரம் கோத்துச்சுன்னா எல்லாம் போச்சு' என்பதை அவர் சொல்லாத நாள் கிடையாது. மழைக்காலத்தில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனால், குடையை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்த பிறகுதான் வா என்பார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை.

அப்படிப்பட்டவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச காலம் மறைத்தார். சித்தி துணி துவைக்கும்போது பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சிறுநீர்ப்பையில் கட்டி, புற்றுநோய். அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்த பின்னும் திரும்பத் திரும்ப முளைக்கிற சுபாவம் அந்த நோய்க்கு உண்டு என்பதால், அவ்வப்போது கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்தக் குழாயின் பேரைக் கேட்டாலே சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வலியை விட வெட்கம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மருத்துவர் குழாய்ச் சோதனையோடு சேர்த்து, சிறுநீரில் டெலோமரேஸ் மரபணு வேலை செய்கிறதா என்றும் எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்து வந்தார். நம் உடம்பின் உயிரணு ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அதன் குரோமோசோம்களின் நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் அந்த உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். தேய்ந்த நுனியை மறுபடி வளர்த்துவிடுகிற நொதிதான் டெலோமரேஸ். வளர்ந்த மனிதரின் பெரும்பாலான உயிரணுக்களில் அதற்கான மரபணு அடங்கிக் கிடக்கும். பெரும்பாலான புற்றுநோய்களில் அது விழித்துக்கொள்ளும். விழித்ததா என்று தெரிந்தால் நோயைச் சந்தேகிக்கலாம். எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை வைத்து, நோய் இனி எப்படிப் போகும் என்றும் ஓரளவு கணிக்கப் பார்க்கிறார்கள். குழாய்க்கு இது மாற்று அல்ல, துணைதான் என்று மருத்துவர் தெளிவாகவே சொன்னார். சித்தப்பா தலையை ஆட்டினார். மூத்திரத்தில் இல்லையென்றால் குழாய் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் பெட்டி வந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். சொந்தக்காரர்களின் மாதிரியை நான் சோதிப்பதும் இல்லை. சித்தப்பா ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். உடன் வேலை பார்ப்பவர் அவசரத்தில் முதல் வரியை மட்டும் வாசித்து, டெலோமரேஸ் தென்படவில்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சித்தி ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பாயசம் காய்ச்சி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். சித்தப்பா மருத்துவமனைக்குப் பேசி, குழாய்ச் சோதனைக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் அந்தச் சோதனையைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு கோடுகள் பார்ப்போம். ஒன்று டெலோமரேஸுக்கு. இன்னொன்று, எல்லா உயிரணுவிலும் எப்போதும் வேலை செய்கிற ஒரு சாதாரண மரபணுவுக்கு. இரண்டாவது கோடு எழுந்தே ஆக வேண்டும்; எழாவிட்டால் மாதிரியே கெட்டுவிட்டது, முதல் கோட்டையும் நம்பக் கூடாது. சித்தப்பாவின் மாதிரியில் இரண்டுமே தரையோடு தரையாகக் கிடந்தன. வேலை செய்கிற மரபணு எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ.வைத்தான் நாங்கள் தேடுகிறோம்; அது சூடு பட்டால் சிதைந்துவிடும். நோய் இருந்ததோ இல்லையோ, அதைச் சொல்ல வேண்டிய சாட்சி வழியிலேயே செத்துப் போயிருந்தது. பெட்டி ஜில்லென்றுதான் வந்தது என்று ஆய்வகத்தில் எல்லோரும் சாதித்தார்கள். ஐஸோடவே இருக்கட்டும் என்று நானும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சித்தப்பாவுக்குப் போன் செய்து, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஐஸு தண்ணி விட்டுச்சு தாயி. மூத்திர டப்பாவெல்லாம் ஒரே ஈரம். கெட்டுப்போயிருமேன்னு ஐஸ எடுத்துப் ப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டேன். டப்பாவ நல்லாத் தொடைச்சு, துணியச் சுத்தி, ஸ்டோருக்குள்ள சூட்டுல வச்சிருந்தேன். ஜீப்பு லேட்டு. அது வரவும் ஐஸத் திரும்ப அடுக்கிக் கொடுத்துவிட்டேன்."

அந்தக் குரலில் பெருமை இருந்தது. ஆயுசு முழுக்க ஊரார் காயை எப்படிக் காப்பாற்றினாரோ, அப்படியே இதையும் காப்பாற்றியிருக்கிறார்.

அந்த முடிவு செல்லாது என்றேன்.

"அப்ப நோவு இருக்குங்கிறியா?"

"இருக்குன்னும் தெரியாது சித்தப்பா, இல்லைன்னும் தெரியாது."

போனை வைத்துவிட்டார். பிறகு சித்தி கூப்பிட்டு, பாயசம் கொடுத்த வீட்டுக்கெல்லாம் இப்போது என்ன சொல்வது என்று அழுதாள். அதன் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் சித்தப்பா ஸ்டோரில் சோலியாக இருப்பதாகவே தகவல் வந்தது. உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்குமோ என்கிற பயத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. யார் போன் அடித்தாலும் திடுக்கிட்டேன்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவரே வந்து நின்றார், மார்போடு பெட்டியை அணைத்துக்கொண்டு. உடைந்த மூலை வழியாக ஐஸ் தண்ணீர் கசிந்து வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

"தொடைக்கல தாயி," என்றார்.

அன்று இரண்டு கோடுகளும் எழுந்தன. டெலோமரேஸ் விழித்திருந்தது. சித்தப்பா குழாய்ச் சோதனைக்குப் போய்ப் படுத்தார். சின்னதாக ஒன்று மறுபடி முளைத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மரபணு கொஞ்சம் மும்முரமாகவே இருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன சொல் என்னை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து குழாயும் தவறுவதில்லை, பெட்டியும் தவறுவதில்லை.

இதை எழுத ஆரம்பித்தபோது காலை. இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டி வந்தது, அவரும் வந்தார். நோயைப் பற்றி அவர் இப்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் மூடியைத் திறக்கும்போது, "ஐஸு இருக்கா தாயி?" என்று மட்டும் கேட்பார். இருக்கு சித்தப்பா என்றேன். என்னால் உடனே சொல்ல முடிந்த பதில் அது ஒன்றுதான்.

திரையில் சாதாரண மரபணுவின் கோடு எழுந்துவிட்டது. இந்த முறை சாட்சி உயிரோடு இருக்கிறது, என்ன சொன்னாலும் நம்பித்தான் ஆக வேண்டும். இன்னொரு கோடு இதுவரை எழவில்லை. இயந்திரம் இன்னும் ஓடி முடியவில்லை. வெளியே பெஞ்சில் சித்தப்பா காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிச்ச ஐஸ் தண்ணீர் கசிந்து வேட்டி நனைந்துகொண்டிருக்கிறது. தோளில் துண்டு இருக்கிறது. அவர் அதை எடுக்கவில்லை.