ஐந்து கிலோ சர்க்கரையில் ஒரு கிலோ உப்பு

வல்லம் வடகாலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, மாதா கோயில் திருவிழாவன்று தேருக்குப் பின்னால் நடப்பவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் சர்க்கரையை டப்பாவில் கொட்டும் வேலையை என்னிடம் விட்டார். நானோ இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். பாதிக் கண்ணோடு, வரிசையாக இருந்த ஆறு பாக்கெட்டுகளையும் வெட்டிக் கொட்டி, கரண்டியால் நன்றாகக் கிளறியும் விட்டேன். ஆறாவது பாக்கெட் தூள் உப்பு.

வீட்டுக்காரம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டதும் முகம் கோணியது.

"இன்னாம்மா இது, உப்பு கரிக்குது?"

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. "வேற சீனி வாங்கிட்டு வந்துருதேன்க்கா" என்றேன்.

"இத இன்னா பண்றது? அம்மாஞ் சக்கரையும், அஞ்சு கிலோவையும், கொட்டவா? மனசு வருமா? நீ கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுதானே, பிரிச்சிக் குடு."

படித்தது உண்மைதான். தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல். ஆனால் ஒரகடத்துத் தொழிற்சாலையில் என் வேலை, வண்டி விளக்குகளுக்குத் திருகாணி முடுக்குவது.

என் அறைத்தோழி மதுரைக்காரி. அவளுக்குக் கொண்டாட்டம். "தண்ணியில கரைச்சு வடிகட்டிர வேண்டியதுதானடி?"

"ரெண்டுமே கரைஞ்சிரும். கரைஞ்சது துணி வழியா அப்படியே எறங்கிரும்."

"காய்ச்சுனா?"

"ரெண்டும் சேந்தே அடியில நிக்கும். சீனி கருகிப் போவும்."

"அப்ப மூணு வருசமா என்னத்தத்தான் படிச்ச?"

கோபத்தில் ஒரு பிடி அள்ளிக் கறுப்புத் தட்டில் பரப்பினேன். அப்போதுதான் தெரிந்தது: சர்க்கரை பருபருவென்று இருந்தது, உப்பு பொடிப்பொடியாக. கரைத்தால்தான் வம்பு. கரைக்காதவரை இரண்டும் வேறு வேறு அளவு.

"அக்கா, மாவு சல்லடை இருக்கா?"

மொட்டை மாடிக் கொட்டகையில் உட்கார்ந்து நானும் மதுரைக்காரியும் மதியம்வரை சலித்தோம். உப்பு கீழே விழுந்தது. பொடிச் சர்க்கரை கொஞ்சம் கூடவே போனது. மேலே தங்கியதை அவள் நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். "இன்னும் கரிக்குது." மறுபடி சலித்தோம். "இப்பவும் லேசாக் கரிக்குது." மூன்றாவது முறையும் அதே தீர்ப்பு. சர்க்கரையில் ஒட்டிக்கொண்ட உப்புத் தூசியைச் சல்லடையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் பயந்துகொண்டே ஒரு டம்ளர் ஜூஸ் போட்டு வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினேன். அவர் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"எலுமிச்சங்காய்க்கு உப்பு இர்ந்தாத்தான் நல்லாக்கீது. எடு அண்டாவ."

மே மாத வெயிலில் நடந்து வந்தவர்கள் இரண்டு, மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். அண்டா அரைமணி நேரத்தில் காலி. போன வருடத்தைவிட இது நன்றாக இருக்கிறது, என்ன போட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

"எங்க வூட்ல கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு இர்க்குது. அது கணக்கா கலந்துச்சு" என்றார் வீட்டுக்காரம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். கலந்ததுதான் நான் செய்த தப்பு என்பதை அவர் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பிறகு என் படிப்பைப் பற்றி ஒருவர் பெருமையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

சல்லடைக்குக் கீழே விழுந்த உப்பு எங்கள் அறைக்கு வந்தது. ஒரு மாதம் ரசம் இனித்தது. மதுரைக்காரி ஒவ்வொரு நாளும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.