என் கழுத்துக் கட்டியும் அப்பாவின் உப்பும்

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று நான் இருந்தேன், அம்மா இருந்தாள், அம்மாவின் தம்பி குமார் மாமா இருந்தார். அப்பா வரவில்லை. கோவளம் பக்கத்து உப்பளத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். உண்மைக் காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். என் கழுத்தில் கட்டி வந்ததற்குத் தன் உப்புதான் காரணம் என்று அவர் நம்பினார்.

ஓ.எம்.ஆர். ரோட்டில் மனை விற்பனை சூடுபிடித்திருந்த காலம். திருப்போரூரில் ஒரு மனை ஆபீஸில் கணக்கு எழுதினேன். எங்கள் வீட்டில் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஒருநாள் தண்ணீர் குடிக்கையில் கூட வேலை செய்த சேகர் சொன்னான்: "மச்சான், கழுத்துல இன்னா அது? நீ முழுங்கசொல்ல மேல போயி கீழ வருது."

வலி இல்லை. திருப்போரூர் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு (கழுத்தின் முன்புறச் சுரப்பி) சரியாகத்தான் சுரக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்றார்.

எடுக்கவில்லை. பஸ்ஸில் ஒட்டியிருந்த அயோடின் உப்பு விளம்பரத்தை மாமா என்னைப் படிக்கச் சொன்னார். கழுத்து வீக்கம் வராமல் காக்கும் என்று இருந்தது.

"தோ, எழுதியே கீது. அளத்து உப்புதான் வேலைய காட்டிகீது" என்றார்.

அப்பா கொண்டுவந்திருந்த மூட்டை உப்பை அம்மா தெருவில் கொட்டினாள். அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பு வந்தது. கரையும் என்று ஒரு வருடம் போலக் காத்திருந்தோம். அந்த வருடம் முழுக்க அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

கட்டி கரையவில்லை. வளர்ந்தது, கெட்டியானது. கழுத்துப் பட்டன் போட முடியாமல் போனதும் நானே கிளம்பினேன். செங்கல்பட்டில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"பெரும்பாலும் இது சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். ஆனா உங்களுது வளந்திருக்கு, ஓரமும் ஒழுங்கா இல்ல. ஊசி வச்சுக் கொஞ்சம் செல் எடுத்துப் பாத்துடலாம்."

"உப்ப மாத்திட்டோமே டாக்டரம்மா" என்றாள் அம்மா.

"அந்த உப்பு நல்லதுதான், விடாதீங்க. வந்த கட்டி அதால கரையாது. பழைய உப்பாலதான் இவருக்கு வந்துச்சுன்னும் யாரும் சொல்ல முடியாது."

வராந்தாவில் மாமா என் கையைப் பிடித்தார். "கட்டில ஊசி வுட்டா ஒடம்பு பூரா பரவிடும்டா. மதுராந்தகத்துல பொண்ணு பாத்துகினு கீறோம். சும்மா கீறத ஏன் நோண்டுற?"

"சும்மா இல்ல மாமா, வளந்துகினு கீது."

"இன்னான்னு தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற?"

"தெரியாம இன்னா பண்ணோம்? உப்பக் கொட்னோம்."

அம்மா சிரித்துவிட்டாள். நான் உள்ளே போய்ப் படுத்தேன். ஊசி மெல்லியது. எச்சில் விழுங்காமல் இருக்கச் சொன்னார்கள், அதுதான் கஷ்டம்.

இதைப் படிக்கும் உங்கள் கழுத்திலும் ஒன்று இருக்கலாம். எல்லாக் கட்டிக்கும் ஊசி தேவையில்லை. வளர்ந்தால், கெட்டியானால், குரல் கம்மினால், விழுங்கச் சிரமப்பட்டால் காத்திருக்காதீர்கள். பரவும் என்று பயமுறுத்துபவரிடம் எந்த டாக்டர் சொன்னார் என்று கேளுங்கள். நான் கேட்டேன். மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

முடிவு வந்தது. புற்று இல்லை. நேராக உப்பளத்துக்கு, அப்பாவிடம் போனேன்.

"நைனா, உன் உப்பால இல்ல."

"நீ சொல்றியா, டாக்டரு சொன்னாரா?"

"டாக்டரம்மாதான் சொன்னாங்க."

உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஈரக்கையால் என் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். காலையில் சவரம் செய்த இடத்தில் உப்பு பட்டு எரிந்தது. நான் விலகவில்லை.

கட்டி இன்னும் இருக்கிறது; வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மேல் பட்டனைத் திறந்துவிட்டே ஆபீஸுக்குப் போகிறேன். மதுராந்தகத்துக்காரர்களிடம் நானே சொன்னேன். வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். இப்போதெல்லாம் என் வருடம் சித்திரையில் பிறப்பதில்லை, ஸ்கேன் அன்றுதான் பிறக்கிறது.

இரத்தம், ஸ்கேன், ஊசி, பஸ் எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். தெருவில் கொட்டிய மூட்டையையும் சேர்க்கச் சொன்னார் அப்பா. சேர்த்தேன். தொள்ளாயிரத்து எழுபது.