எலியைக் கொல்லாமல் எம்.எஸ்ஸி.

“ஒரு எலியக் கொல்ல முடியாதவ, இந்த டிபார்ட்மென்ட்ல வந்து என்னம்மா பண்ணப் போறே?”

சென்னையில் நேர்முகத் தேர்வின்போது துறைத் தலைவர் என்னைக் கேட்ட கேள்வி இது. எழுந்து வந்துவிட்டேன். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அறுபதுகளின் முடிவில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது இது.

நம் சமணக் குடும்பங்களில் பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்பத் தயங்குகிறவர்களுக்காக இந்த அனுபவத்தை எழுதுகிறேன். தெய்வத்திடம் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்கிறவர்களுக்காகவும்தான்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு நெல் விவசாயம். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டும்போது, மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். என்னையும் விடச் சொல்வார். காய்ச்சல்காரர் உடம்பைப் போல உள்ளே சுடும். நெருப்பில்லாமல் எப்படிச் சுடுகிறது? பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அந்தக் கேள்வி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தபோது, அதற்குப் பதில் பயோகெமிஸ்ட்ரியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உயிருள்ளவற்றுக்குள் நடக்கும் ரசாயனம். அதில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு பெண்கள் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு உடனே இடம் கொடுத்துவிட்டார்கள். பயோகெமிஸ்ட்ரிக்குத்தான் நேர்முகத் தேர்வு. அங்கே போன பிறகே, செய்முறை வகுப்பில் எலியைக் கொன்று கல்லீரலை எடுக்க வேண்டும் என்பது தெரிந்தது. என்னால் முடியாது என்று சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

“கண்ண மூடிக்கினு அறுத்துட்டு வா. அப்பறமா ஒரு வாரம் உபவாசம் இருந்தா தீந்துது” என்றாள் அத்தை.

“எனக்கு உபவாசம் சரி அத்தை. எலிக்கு?” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நைனாவோ, “கெமிஸ்ட்ரிலதான் எடம் கெடச்சிருக்குதே. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சேந்துக்கலாம்னு சொல்றாங்களே. அதுலயே சேந்துடும்மா. ஏன் வம்பு?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குள் ஏதோ கொதித்தது. என் அறம் ஒரு பக்கம், என் படிப்பு ஒரு பக்கம். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை ஏன் நான் விட வேண்டும்?

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசை செய்யும் உபாத்தியாயர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“அருகன் விருப்பு வெறுப்பு இல்லாதவரும்மா. அவர்கிட்ட போயி அது குடு இது குடுன்னு கேக்கக் கூடாது.”

“அவர்கிட்ட கேக்கலை சாமி. தேவிகிட்ட கேக்கப் போறேன்.”

அருகனின் காவல் தேவியான தருமதேவியின் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். திதிக்குச் சமைத்ததை முதலில் சமண முனிவருக்கு இட்டதற்காக, இரண்டு பிள்ளைகளோடு கணவனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். செய்தது தப்பு என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சந்நிதியில் நான் கெஞ்சவில்லை. நின்றுகொண்டே பேசினேன். சண்டை என்றே சொல்லலாம்.

“எலியக் கொல்ல மாட்டேன். இந்தப் படிப்பயும் விட மாட்டேன். ரெண்டும் எனக்கு வேணும். வழி இருக்குதான்னு எனக்குத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சா சொல்லு.”

விளக்கு பிரகாசிக்கவில்லை. பூ விழவில்லை. யாரும் என் காதில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்தபோது அழுகை நின்றுவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “மெட்ராஸ் போறேன் நைனா” என்றேன்.

“கெமிஸ்ட்ரில சேரவா?”

“இல்ல. அந்த டிபார்ட்மென்ட் தலைவரம்மாவ இன்னொரு தடவ பாக்கணும்.”

நைனா என்னை உற்றுப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, பஸ் போயிடப் போவுது” என்றார்.

துறைத் தலைவர் கண்டிப்பானவர் என்று பெயர். வெள்ளைப் புடவை, இறுக்கிக் கட்டிய கொண்டை. என்னைப் பார்த்ததும், “மறுபடியும் நீயா? மனசு மாறிட்டியா?” என்றார்.

“மாறலைம்மா.”

“சரி, நீ கொல்ல வேண்டாம். அட்டெண்டர் கொன்னு எடுத்துக் குடுப்பார். நீ அதுக்கப்பறம் சோதனைய மட்டும் செய். சம்மதமா?”

நல்ல வழியாகத்தான் தோன்றியது. சம்மதம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்: “ஆனா உனக்காகத்தானே அவர் கொல்றார்? அப்போ உன் கை மட்டும் சுத்தமாயிடுமா?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. தேவி, என்று மட்டும் மனதுக்குள் கூப்பிட்டேன். வாய் தானாகப் பேசியது.

“எனக்காக யாரும் கொல்ல வேணாம்மா. அந்தச் சோதனைக்கெல்லாம் எனக்கு சைபர் போட்டுடுங்க. மீதி மார்க்குல நான் பாஸ் பண்றேன்.”

அந்த நொடிக்கு முன்னால் அப்படி ஓர் எண்ணம் என் தலையில் இருந்ததே இல்லை. அது என் வார்த்தை அல்ல. இன்றுவரை அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “சைபர்னா சைபர்தான். கடைசி வருஷம் வந்து கண்ணக் கசக்கக் கூடாது.”

“கசக்க மாட்டேம்மா.”

“போய் ஆபீஸ்ல சேந்துக்கோ.”

வெளியே ஓடிவந்து நைனாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “ஏம்மா, சைபர் வாங்கறதுக்கா இவ்ளோ சந்தோஷம்?” என்றார். நான் சிரித்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டு வருடம் படித்தேன். நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவேன் என்பதற்கும், எலி வகுப்பன்று வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன் என்பதற்கும் விடுதியில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். என் பங்குக்கு வர வேண்டிய எலிகள் சோதனைக்கூடத்துக்கு வரவே இல்லை. அது எனக்குப் போதும். சொன்னபடியே சைபர் போட்டார்கள். அதனால் முதல் வகுப்பு தவறிப்போனது. இரண்டாம் வகுப்பில் தேறினேன். கண்ணைக் கசக்கவில்லை. பிறகு ஒரு கல்லூரியில் ஆசிரியை ஆனேன். அங்கேயும் நான் ஓர் உயிரைக் கொன்றதில்லை, எனக்காக யாரையும் கொல்ல விட்டதுமில்லை.

“தேவி முதல் வகுப்பே குடுத்திருக்கலாமே?” என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. கேட்டது இரண்டு. இரண்டையும் குறைவில்லாமல் தந்தாள். அந்த நாளுக்கு முன்பு யாராவது முடியாது என்றால் தலைகுனிந்து திரும்பி வருகிற பெண்ணாக இருந்தேன். அதற்குப் பிறகு அப்படித் திரும்பியதில்லை. அவளுக்கு என் நன்றியைச் சொல்லி முடியாது.

நம் குடும்பங்களில் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பெண் அறமும் வேண்டும், படிப்பும் வேண்டும் என்று நின்றால், ஒன்றை விடச் சொல்லாதீர்கள். கோயிலுக்கு அனுப்புங்கள். தேவியிடம் தைரியமாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டு வந்ததும், தாமதிக்காமல் பஸ் ஏற்றிவிடுங்கள்.